மிஷினுக்கு நல்ல தண்ணி

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். ஒன்று, வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்ட போர்க் கிணற்றிலிருந்து வருவது. அதை உப்புத் தண்ணி என்போம். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் இறங்கும். இன்னொன்று ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். அது நல்ல தண்ணி. வாசல் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும். நிற்பதற்குள் குடங்களில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர்களில் விருந்தாளிக்குச் சொம்பு நீட்டினால், வெளியூர்க்காரர்கள் வாங்கிக் குடித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள், "இது எந்தத் தண்ணி?" என்று கேட்பார்கள்.

உப்புத் தண்ணி என்றால் கடல்போலக் கரிக்காது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது. எவர்சில்வர் தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் சொட்டு நின்ற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, தண்ணீர் நேராக விழாமல் ஆள்மேல் பீய்ச்சும். குளியலறை வாளி என்ன நிறத்தில் வாங்கியது என்று கொஞ்ச நாளில் மறந்து போகும்.

நான் வேதியியல் படித்தவள். ஆகவே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இப்படி வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு வகை. அது பாத்திரத்துக்கும் மிஷினுக்கும்தான் எதிரி, மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஆனால் எங்கள் போர் தண்ணீரில் புளோரைடும் இருக்கிறது. அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, பாத்திரத்திலும் ஒட்டாது. பல்லிலும் எலும்பிலும்தான் போய் உட்காரும். சின்னப் பிள்ளைகளின் ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் சேர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பல் முளைக்கும்போதே பழுப்புப் பட்டையோடு முளைக்கும். எந்தப் பற்பசையாலும் அது போகாது.

என் முன்பற்கள் அப்படிப்பட்டவை. பள்ளிக்கூடத்தில் படித்தவரைக்கும் அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது, ஏனென்றால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அதே பல். தருமபுரியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி, "நீ வெத்தலை பாக்கு போடுவியா?" என்று நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டாள். கொஞ்ச காலம் வாயை மூடிச் சிரித்துப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான், பட்டம் வாங்கியவளும் நான்தான். பட்டமளிப்பு அன்று எடுத்த படத்தில் பல் தெரியத்தான் சிரித்திருக்கிறேன். போட்டோக்காரர், "கம்ப்யூட்டர்ல வெள்ள பண்ணிடவாங்க மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் படம் அப்படியே எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

என் பல் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அண்ணனுக்குப் பெண் பிறந்தபோது அது அந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று நினைத்தேன். தாய்ப்பால் நிறுத்தியதிலிருந்து அவளுக்கு நல்ல தண்ணி மட்டும்தான் கொடுக்க வேண்டும், சோறும் அதில்தான் வடிக்க வேண்டும் என்று அம்மாவிடமும் அண்ணியிடமும் சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். அப்படியேதான் நடந்தும் வந்தது.

ஓசூரில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். வேலை நிரந்தரமானதும் அம்மாவுக்கு வாஷிங் மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவின் கைதான் காரணம். போர் தண்ணீரில் நுரை வராததால் சோப்பை இன்னும் இன்னும் என்று தேய்ப்பாள். அந்தச் சோப்பும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மிளகாய் கிள்ளக்கூட முடியாமல் இருந்தது.

முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மிஷின் அது. உள்ளேயே தண்ணீரைச் சூடு பண்ணும். தருமபுரிக் கடையிலிருந்து 'சின்ன யானை' சரக்கு வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. முதல் நாள் துணி சுற்றுவதைக் கடைசிவரைக்கும் அப்பா நாற்காலி போட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சின்னம்மா, அப்பாவின் தம்பி மனைவி, அவள் வாய்க்கு ஊரே பயப்படும். கண்ணாடியில் மூஞ்சியை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கா, உன் பொடவ உள்ள உருளறதப் பாத்தா நீயே உருளற மாதிரி இருக்குது" என்றாள். அம்மாவுக்கு அன்று கோபமே வரவில்லை. யார் வந்தாலும், "எம் பொண்ணு வாங்கிக் குடுத்தது" என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

மிஷினுக்கு மாடித் தொட்டியிலிருந்துதான் குழாய். அதாவது உப்புத் தண்ணி. முதலில் துணி மொடமொடவென்று வந்தது. கறுப்புத் துணியில் வெள்ளை மாவு பூத்தது. பிறகு ஒருநாள் பாதி ஓட்டத்தில் நின்று, முன்னால் ஏதோ எழுத்துக் காட்டியது. பென்னாகரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அப்போது நான் ஓசூரில் இருந்தேன். அண்ணி போனில் படம் அனுப்பினார். மெக்கானிக் கையில், மிஷினின் சூடேற்றும் கம்பி. கருவாட்டில் உப்பு அப்பியதுபோல அந்தக் கம்பி முழுக்க வெள்ளை அப்பியிருந்தது. வேறு கம்பி போட்டுவிட்டு அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்: "இதே தண்ணிய வுட்டீங்கன்னா இதுவும் இப்பிடித்தான் ஆவும். நல்ல தண்ணி ஊத்துங்கம்மா, மிஷினு பத்து வருசம் ஓடும்."

மிஷின் ஓடுகிறதா என்று நான் கேட்டேன். ஓடுகிறது என்றார் அண்ணி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைக்குச் சளி பிடித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஓசூரிலிருந்து ஒரு கரண்ட் கெட்டில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஸ்விட்சைத் தட்டினால் கொதித்ததும் தானே அணைந்துவிடும் என்பது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்தடுத்து ஊருக்குப் போனபோது மிஷின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் மெத்தென்று இருந்தது. அண்ணன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். அவன் வந்திருந்தபோது குளியலறைக் கூரைமேல் தனியாக ஒரு ட்ரம் ஏற்றி, அதிலிருந்து மிஷினுக்குக் குழாய் விட்டிருந்தான். அண்ணன் ஏதோ செய்து சரிப்படுத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ட்ரம்முக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று நான் கேட்கவில்லை. மாடித் தொட்டித் தண்ணீரில் பாதியை அதில் தெளிய வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானே ஒன்றை எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் காலை நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சின்னம்மா அவள் வீட்டுக் குழாயடியிலிருந்து, "உங்க வூட்டு மிஷினு போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கும்டி" என்றாள்.

"ஏன் சின்னம்மா, நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றேன்.

"வாங்கலாம். அதுக்குத் தண்ணி தூக்க ரெண்டு பேர வெச்சிக் குடு."

பொறாமை என்று நினைத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று மதியம் சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாக நின்றது. அண்ணியின் சமையலில் அப்படி இருக்காது. அடுப்பில் வேலை நடந்துகொண்டிருந்ததால் டீக்குக் கெட்டிலில் தண்ணீர் வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே அடியெல்லாம் வெள்ளை. ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினேன், முட்டை ஓடுபோல ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. நல்ல தண்ணியை வருடக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் இவ்வளவு படியாது. பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கெட்டிலில் கொதித்ததெல்லாம் போர் தண்ணீர்.

சமையலறை மூலையில் இருந்த குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதுவும் போர் தண்ணீர்தான். பக்கத்துக் குடமும் அதே. ஓசூரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்ததையே குடித்துப் போனதால் இத்தனை நாள் எனக்கு இது தெரியாமல் இருந்தது.

"அண்ணி, நல்ல தண்ணி எங்க?"

அண்ணி என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் அண்ணி என்பதால் நான் வாங்க போங்க என்பேன், நான் படித்தவள் என்பதால் அவரும் என்னை வாங்க போங்க என்பார். கரண்டியை வைத்துவிட்டுக் கூரைப் பக்கம் பார்த்தார்.

"மேல ட்ரம்ல இருக்குதுங்க."

"எல்லாமேவா?"

"பிடிக்கறது அதுக்கே சரியாப் போயிடுதுங்க. அத்தையக் கேளுங்க."

குழந்தை கூடத்தில் உட்கார்ந்து, மிஷின் கண்ணாடிக்குள் தன் பாவாடை சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலு வயது. வாயில் இருப்பது பால் பற்கள், அரிசிபோல வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது. கெட வேண்டியதெல்லாம் அதற்கு அடியில், ஈறுக்குள் இருக்கிறது.

அம்மா மாட்டுத் தீவனக் கட்டோடு வந்ததும் கெட்டிலை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் பதறவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

"அதத்தான் நானும் சொல்றேன். எவ்வளவு கழிசட இருக்குது பாரு அந்தத் தண்ணியில. எல்லாத்தையும் புடிச்சிக்குது. நல்ல சாமானா வாங்கியாந்திருக்க."

"எதம்மா புடிச்சிக்குது?"

"கெட்டதத்தான். கொதிக்க வெச்சா கெட்டதெல்லாம் கெட்டில்ல ஒட்டிக்கிது, நல்லது மட்டும் வருது. அதத்தான் பாப்பாவுக்குக் குடுக்கறோம். சும்மா எங்கியாவது போர் தண்ணியக் குடுப்பமா?"

அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுதான் பிரச்சினை. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பிரிந்து ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். தண்ணீர் வாய்க்குக் கொஞ்சம் லேசாகவும் இருக்கும். ஒட்டாமல் தப்புவது பல்லைக் கெடுக்கும் புளோரைடுதான். கொதித்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்; அது குறையக் குறைய மிச்சத்தில் அந்த விஷயம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை நான் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே கட்டைப் பிரித்தாள்.

"கண்ணுக்குத் தெரியறது ஒண்ணும் பண்ணாதாம், தெரியாததுதான் பண்ணுமாம். இதத்தான் காலேஜில சொல்லிக் குடுத்தாங்களா?"

அப்பா இடையில் வந்தார். "நல்ல தண்ணி சப்புன்னு கெடக்கும்மா. எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கறதில்ல. எங்களுக்கு இதுதான் தண்ணி மாதிரி இருக்குது. நாங்க குடிக்காதத மிஷினு குடிச்சிட்டுப் போவுது, வுடு."

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து கெட்டியான தண்ணீர் குடித்த நாக்குக்கு ஆற்றுத் தண்ணீர் தண்ணீராகவே படாது. ஆகவே எதையோ விட்டுக்கொடுத்து மிஷினுக்கு ஊற்றுகிறோம் என்றே அவர்கள் நினைக்கவில்லை. பிடிக்காத ஒன்று, அதற்குப் பிடித்த இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். துணி துவைக்கிற வேலை போய், அம்மாவும் அண்ணியும் ஏணியில் குடம் குடமாகக் கூரைக்கு ஏற்றுகிற வேலை வந்திருந்தது. சின்னம்மா சொன்னது அதைத்தான்.

"பாப்பா பல்லு என் பல்லு மாதிரி வந்துரும்மா" என்றேன்.

"வந்தா என்னா? நீ இந்தத் தண்ணி குடிச்சித்தான காலேஜி முடிச்ச. பல்லப் பாத்தா வேல குடுத்தாங்க?"

சுவரில் என் படம் இருந்தது. பல்லைப் பற்றிக் கவலைப்படாதவள் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததை அம்மா எனக்கே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேற வழி இல்ல, அதனால சிரிச்சேன்" என்றேன். "அவளுக்கு வழி இருக்குது. அது கூரை மேல ட்ரம்ல இருக்குது."

ஏணியில் ஏறினேன். மிஷின் குழாயைக் கழற்றி மாடித் தொட்டிக் குழாயிலேயே பழையபடி மாட்டினேன். ட்ரம்மில் இருந்த நல்ல தண்ணீரைக் குடங்களில் பிடித்து இறக்கினேன். அம்மா கீழே நின்று பார்த்தாள்.

"நீ வாங்கிக் குடுத்தத நீயே ஒடச்சிப் போடற. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். நாளைக்கி நின்னு போச்சின்னா எங்க மூஞ்ச வெச்சிக்கறது?"

"நின்னா நிக்கட்டும்மா."

"நிக்கட்டுமா? உனக்கு ஓசூர்ல வேற வாங்கிக்கச் சம்பளம் இருக்குது. எனக்கு இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மிஷின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு, அழுக்குத் துணியையெல்லாம் பின்னால் கல்லுக்கு எடுத்துப்போய்க் கையால் துவைக்க ஆரம்பித்தாள். உப்புத் தண்ணியை விட்டு மிஷினைக் கெடுப்பதைவிட அதை ஓட்டாமலே வைத்திருப்பது என்பது அவள் முடிவு. அடித்துத் துவைக்கிற சத்தம் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே அடித்தாள்.

மறுநாள் நான் ஓசூருக்குக் கிளம்ப வேண்டும். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரைக்கும் வந்தார். நான் இருக்கும்வரைதான் குழந்தைக்கு நல்ல தண்ணி கிடைக்கும், பஸ் ஏறியதும் அம்மா குழாயை மாற்றிவிடுவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீங்களாவது எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாம் அண்ணி. தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியுங்க. அங்கன்வாடியில எல்லாம் சொல்லியிருக்கறாங்க. கொதிக்க வெச்சாலும் போவாதுன்னு அந்த டீச்சரே சொன்னாங்க."

"அப்புறம்?"

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எப்பிடிங்க சொல்றது? அது நீங்க உங்கம்மாவுக்கு வாங்கிக் குடுத்த மிஷினு. அதுக்கு ஊத்தற தண்ணிய எம் புள்ளைக்குக் குடுங்கன்னு நான் கேட்டா, நாத்தனா வாங்கிக் குடுத்தது இவளுக்குப் பொறுக்கலன்னு ஆயிடுங்க. ஒருக்கா உங்கண்ணங்கிட்ட சொன்னேன். 'ஏன், துணி நீ தொவைக்கறியா?'ன்னாரு."

குழந்தைக்குத் தாய் அவர். அந்த வீட்டில் குடம் தூக்குகிறவரும் அவர். ஆனால் எந்தக் குடம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் நான் கொடுத்த பரிசு. புளோரைடு பற்றி நான் எவ்வளவு பேசினாலும் இது மாறாது என்று அப்போது புரிந்தது.

"அந்த மிஷினு இனிமே உங்களுதுன்னு வெச்சிக்கங்க" என்றேன்.

அண்ணி சிரித்தார். "பஸ் ஸ்டாப்புல நின்னு வாயால சொன்னா ஆயிடுங்களா?"

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பெட்டிக்கடையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கினேன். எங்கள் ஊரில் ஒரு பொருளை ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக ஆக வேண்டுமென்றால் தாம்பூலத் தட்டில் வைத்து நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும். பாத்திரமானாலும் ஆடானாலும் அப்படித்தான். அப்படிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் இல்லை, அதில் மூன்றாம் ஆள் அதிகாரம் பண்ணுகிற பழக்கமும் இல்லை. இரண்டு குடும்பம் பேசாமல் போனாலும் தட்டில் கொடுத்தது கொடுத்ததுதான்.

வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தட்டைக் கழுவினேன். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம் வைத்தேன். மிஷினைத் தட்டில் வைக்க முடியாது, அதனால் அதன் தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். சின்னம்மாவை வேண்டுமென்றே கூப்பிட்டேன். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார், எதற்கென்று தெரியாமலே. அம்மா கல்லடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"என்னாடி இது, பைப்புக்குக் கண்ணாலமா?" என்றாள் சின்னம்மா.

"அண்ணி கண்ணாலத்துக்கு நான் சம்பாதிக்கல, ஒண்ணும் செய்யல. இப்பச் செய்யறேன். இந்த மிஷினு அண்ணிக்கு. ஓட்டறதோ நிறுத்தறதோ, எந்தத் தண்ணி ஊத்தறதோ, அவங்க இஷ்டம்."

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினேன். அண்ணி உடனே வாங்கவில்லை. மாமியாரைப் பார்த்தார். குழந்தை பழத்தைக் கேட்டது.

"வாங்கிக்க" என்றாள் அம்மா. குரலில் கோபம் அப்படியே இருந்தது. "தட்டுல வெச்சதுக்கு அப்புறம் என்னா பாக்கற. வாங்கிக்க."

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

"எனக்குக் குடுத்தத எடுத்து அவளுக்குக் குடுக்கற. எனக்கு என்னா?" என்று அம்மா கேட்டாள்.

"உனக்குத் தொவச்சிப் போடறதுக்கு மருமவ இருக்குது, மிஷினு இருக்குது. இன்னும் என்னா?" என்றாள் சின்னம்மா. அப்பா சிரித்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த பஸ்ஸில் நான் ஓசூர் போனேன். அண்ணியிடம் மாதத்துக்கு ஒருமுறை மிஷினுக்குள் சிட்ரிக் ஆசிட் போட்டுச் சும்மா ஓட்டச் சொல்லியிருந்தேன். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். அது படிந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும். சூடு பண்ணாமல் பச்சைத் தண்ணீரில் ஓட்டினால் படிவதும் குறையும். இதையெல்லாம் செய்தாலும் எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அந்த மிஷின் பத்து வருடம் வராது. அதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

அம்மா சில வாரம் என் போனை எடுத்ததும் அண்ணியிடம் கொடுத்துவிடுவாள். பிறகு மெல்ல, "ஒம் மிஷினு" என்பது போய் "இவ மிஷினு" என்று பேச ஆரம்பித்தாள். துணி மொடமொடவென்று வந்தால், "இவ மிஷினு துணி எல்லாம் அப்பளமாப் போட்டுக் குடுக்குது" என்று சின்னம்மாவிடம் குறை சொன்னாள். ஆனால் துவைக்கப் போட்டாள். கல்லுக்குப் போகவில்லை. கூரைமேல் இருந்த ட்ரம்மை அண்ணன் இறக்கிச் சமையலறையில் வைத்தான். அண்ணி அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து மூடினார். குழந்தைக்கு மட்டுமில்லாமல் சமையலுக்கும் அதுதான் என்று ஆனது. அப்பா மட்டும் போர் குழாயில் சொம்பைப் பிடித்துக் குடிப்பதை நிறுத்தவில்லை. முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடிக்கிறார். அவரிடம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கோடையில் எங்கேயோ பெரிய குழாய் உடைந்து, நல்ல தண்ணி வருவது அடிக்கடி தவறியது. கேன் தண்ணீர் வண்டி எங்கள் ஊருக்குள் வராது. அந்தச் சமயத்தில்தான் நான் போய் இறங்கினேன். பென்னாகரத்திலிருந்து நின்றுகொண்டே வந்த பயணம், வெயில் வேறு. செருப்பைக் கழற்றியதும், "மிஷின்ல மறுபடியும் அந்த எழுத்து வருதுங்க" என்றார் அண்ணி.

"என்ன செய்யப் போறீங்க?"

"ஓடற வரைக்கும் ஓடட்டுங்க. நின்னா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு முறத்தில் இருந்த பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

சமையலறைக்குள் போனேன். ட்ரம் காலியாகக் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் மூடி வைத்த ஒரு சின்னக் குடம். சொம்பை எடுத்துக்கொண்டு குடத்தின் மூடியைத் திறந்தேன். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அது பாப்பாவுதுங்க. தண்ணி வர்ற வரைக்கும் வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறேன். நீங்க இந்தப் பக்கம் இருக்கறதக் குடிங்க."

கூடத்திலிருந்து அம்மா, "நானே தொடறதில்ல, உனக்குக் குடுப்பாளா?" என்றாள்.

மூடியை மறுபடி வைத்தேன். அந்தப் பக்கத்துக் குடத்திலிருந்து உப்புத் தண்ணியை மொண்டு, நின்றபடியே குடித்தேன்.